பூட்டிய ஜன்னல்களும் ஆகஸ்டு மாதமும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

லியோனில் படிக்கும் மகளைப் பார்க்க இந்தப் பிப்ரவரியில் போயிருந்தோம். தென் பிரான்ஸ் கிராமங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால், வாடகைக் காரில் லூபெரோன் மலைப்பக்கம் சுற்றினோம். வீடுகளும் கல் பாவிய தெருக்களும் அவ்வளவு அழகு. ஆனால் ஆளே இல்லை. பாதிக்கு மேல் வீடுகளில் ஜன்னல் கதவு சாத்திக் கிடந்தது. ரொட்டிக் கடை வாசலில் ஏதோ ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மதியம் இரண்டரை மணிக்கு ஒரு வாய்ச் சாப்பாடு கிடைக்காமல் பிஸ்கட்டைத் தின்றோம். இன்ஸ்டாகிராமில் வரும் லாவெண்டர், சந்தை எல்லாம் டூரிஸ்டுகளுக்காகப் போடும் செட்தானா? கிராமம் செத்துவிட்டதா? அடுத்த வருடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் போகலாம் என்கிறார் என் மனைவி. போகலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ஆகஸ்டு வேண்டாம். ஏன் என்று சொல்லப் போனால் மற்ற கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொன்னதாகிவிடும்.

பிரெஞ்சு கிராமத்தில் இரண்டு காலண்டர்கள் ஓடுகின்றன. ஒன்று மண்ணுக்கு உரியது: திராட்சை, லாவெண்டர், காளான், வேட்டை. மற்றது விடுமுறைக் காலண்டர். கிராமத்தில் எந்த வாரம் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இப்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் முடிவு செய்கிறது.

1936இல் பிரதமர் லியோன் ப்ளூமின் அரசு சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 1982இல் ஐந்து வாரமானது. கோடையில் ஒரே மூச்சில் மூன்று வாரம் எடுப்பது அங்கே சாதாரணம். ஜூலையில் போகிறவர்கள் ஒரு கட்சி, ஆகஸ்டில் போகிறவர்கள் இன்னொரு கட்சி. ஜூலைக்காரர்கள் திரும்புகிற அதே சனி ஞாயிறில் ஆகஸ்டுக்காரர்கள் கிளம்புவார்கள். 1975 ஆகஸ்டு தொடக்கத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை நாடு முழுக்கச் சேர்த்து 600 கிலோமீட்டர் நெரிசல். அடுத்த வருடமே அரசு 'பிஸோன் ஃபுத்தே' என்ற சேவையைத் தொடங்கியது. எந்த நாளில் சாலை எப்படி இருக்கும் என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆகஸ்டின் முதல் சனிக்கிழமைப் பக்கம் கறுப்பு அநேகமாக நிச்சயம். பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் நெடுஞ்சாலை உங்கள் மகள் இருக்கும் லியோன் வழியாகத்தான் போகிறது. ரோன் பள்ளத்தாக்கில் ஏசி போட்ட காருக்குள் அம்மாவை உட்கார வைத்து அரை நாள் நகர்வதெல்லாம் ஒரு சுற்றுலாவா?

இன்னொன்று, ஆகஸ்டில் லாவெண்டரும் இருக்காது. வலான்ஸோல் மேட்டு நிலத்தில் ஜூன் கடைசியிலிருந்து பூக்கும், ஜூலை நடுவிலேயே அறுவடை தொடங்கிவிடும். ஆகஸ்டில் போகிறவர்கள் மொட்டை வரிசைகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கிறார்கள், பாவம். உயரத்தில் இருக்கும் ஸோ கிராமத்தில் மட்டும் கொஞ்சம் தாமதம். அங்கே ஆகஸ்டு 15இல் லாவெண்டர் திருவிழாவே நடக்கும்.

செட் போடுகிறார்களா என்றால், இல்லை. நீங்கள் பார்த்த சாத்திய ஜன்னல்களில் பல, அந்த ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வைத்திருக்கும் வீடுகள். பிரான்ஸில் உள்ள வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இப்படி விடுமுறைக்கு மட்டும் திறக்கும் இரண்டாம் வீடு. லூபெரோன் மாதிரி இடங்களில் விகிதம் இன்னும் அதிகம். அங்கே சொத்தில் பிள்ளைகளுக்குச் சம பங்கு என்பது நெப்போலியன் காலத்திலிருந்து வரும் சட்டம். அதனால் பாட்டி வீடு மூன்று நான்கு பேர் பெயரில் இருக்கும், யாருக்கு எந்த வாரம் என்று குடும்பத்துக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் மைதானத்தில் நீள மேஜை போட்டு ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறதே, அதில் பாதிப் பேர் இந்தப் பேரப்பிள்ளைகள்தான்.

வெளியூர்க்காரர்கள் வாங்கிய வீடுகளும் உண்டு, அங்கேதான் உரசல் வரும். ஓலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று பக்கத்து விடுமுறை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரியில் கிராமப்புற ஒலிகளையும் வாசனைகளையும் நாட்டின் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமே வந்துவிட்டது. மணியோசை, மாட்டுச் சாணம், தவளை, எல்லாம் அதில் அடக்கம். எனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி இரண்டு மனசு. சேவல் கூவுவதற்குச் சட்டம் தேவைப்படுகிற அளவுக்குக் கிராமம் வந்துவிட்டதே என்ற வருத்தமும் இருக்கிறது.

சரி, பிப்ரவரிக்கு வருவோம். ரொட்டிக் கடையில் ஒட்டியிருந்த தாளில் அனேகமாக "வருடாந்திர விடுமுறை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று எழுதியிருக்கும். ரொட்டி சுடுகிறவருக்கும் ஐந்து வாரம் வேண்டுமே, அவர் ஆள் வராத மாதத்தில் எடுக்கிறார். கீழே இன்னொரு வரியில், அதுவரை ரொட்டி எங்கே கிடைக்கும் என்றும் இருந்திருக்கும். அடுத்த தடவை அதையும் படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். இது போதாதென்று குளிர்காலப் பள்ளி விடுமுறை வேறு. நாட்டை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து வாரம் மாற்றி விடுமுறை விடுகிறார்கள், பனிச்சறுக்கு ஊர்கள் ஒரேயடியாக நிரம்பி வழியக் கூடாது என்று. அதாவது நீங்கள் தெற்கே கிராமத்துக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஒரு பகுதி ஆல்ப்ஸ் பக்கம் போயிருக்கலாம்.

ஆனாலும் ஊர் செத்துக் கிடக்கவில்லை. லூபெரோனிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரிஷ்ரான்ஷ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை சனிக்கிழமை காலையில் அங்கே கறுப்பு ட்ரஃபிள் சந்தை. ஓக் மரத்தின் வேரடியில் விளையும் இந்தக் காளானை நாயை வைத்து மோப்பம் பிடித்துத் தோண்டுகிறார்கள். தெருவோரம் கார்கள் டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளே தராசு. பழைய கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் துணிப்பையை நீட்டுவார். தரகர் கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்து, நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பார்ப்பார். விலை காதோடு காதாகப் போகும், பணம் ரொக்கமாகக் கை மாறும். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும். ஜனவரி மூன்றாம் ஞாயிறு இந்த ஊர் தேவாலயத்தில் ட்ரஃபிளுக்கென்றே ஒரு பூசை. காணிக்கைத் தட்டில் காசுக்குப் பதில் ட்ரஃபிளைப் போடுவார்கள், அப்புறம் வெளியே வைத்து அதை ஏலம் விடுவார்கள். இன்ஸ்டாகிராம் இங்கேயும் வந்துவிட்டது, ஆனால் டிக்கிப் பக்கம் கேமராவை நீட்டினால் முறைப்பார்கள்.

வசந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மே மாதம் பண்டிகை விடுமுறைகள் கொத்தாக வரும். வியாழனில் ஒன்று விழுந்தால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நான்கு நாள் கிளம்பிவிடுவார்கள். ஊர் பாதி நிறைந்து பாதி காலியாக இருக்கும்.

நான் சொல்வது செப்டம்பர். முதல் வாரம் பள்ளி திறந்ததும் கூட்டம் கலைந்துவிடும், வெயில் நல்லபடியாக இருக்கும். கடைகள், சாப்பாட்டு இடங்கள் எல்லாம் இன்னும் திறந்திருக்கும். திராட்சை அறுவடை நடந்துகொண்டிருக்கும், டிராக்டர் பின்னால் ஊர்ந்துகொண்டு போக வேண்டியிருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். மூன்றாவது சனி ஞாயிறை விடாதீர்கள். அது மரபு நாட்கள், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் சிற்றாலயங்களும் தனியார் மாளிகைகளும் அன்றைக்குத் திறக்கும். சிறிய ஊர்களில் ஊர்க்காரர் யாராவதுதான் சாவியோடு நின்று விளக்குவார், மகள் மொழிபெயர்க்கட்டும். மழை பெய்திருந்தால் மருந்துக்கடையில் ஒரு கூடையை நீட்டிக்கொண்டு யாராவது நிற்கலாம். காட்டில் பறித்த காளான் விஷமா இல்லையா என்று மருந்தாளுநரிடம் காட்டுவது அங்கே பழைய வழக்கம்.

அம்மா வருவதால் கோர்து போன்ற குன்றின்மேல் ஊர்களில் தங்க வேண்டாம், எங்கே போனாலும் ஏற்றம். லூர்மாரனில் ஏற்றம் குறைவு, வெள்ளிக்கிழமை சந்தை உண்டு. எழுத்தாளர் ஆல்பர் காமுவின் கல்லறையும் அங்கேதான். 1958இல் நோபல் பரிசுப் பணத்தில் அந்த ஊரில் வீடு வாங்கினார், 1960 ஜனவரியில் சாலை விபத்தில் இறந்தார். சமையலறை உள்ள வாடகை வீடாகப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் தருவார்கள், செப்டம்பரில் மூன்று நான்கு நாளுக்கும் கிடைக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்குச் சமையல்காரர் கிளம்பிவிடுவார், அது எந்தப் பருவமானாலும் மாறாது. திங்கட்கிழமை பல கடைகள் பூட்டு, ஞாயிறு காலையிலேயே ரொட்டியைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.