மஹாய் குளிருக்கு எந்த சிலிண்டர்?

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் பழைய காரவன் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டாய். நான் அதற்கு ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டேன். ஜூலையில் மனைவி, குழந்தையோடு டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போய் ராயல் நேட்டல் பூங்காவின் மஹாய் முகாமில் நாலு ராத்திரி தங்கப் போகிறாய். 9 கிலோ சிலிண்டர் எடுப்பதா, சின்னது போதுமா, கேஸுக்கு மட்டும் எவ்வளவு ஆகும், நம்ம ஊர் மாதிரி புக் பண்ணினால் வீட்டுக்கு வருமா என்று கேட்டிருக்கிறாய்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. இங்கே கேஸ் விலைக்கு அரசு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. பெட்ரோல் விலை மாறுகிற அதே நாளில், மாதத்தின் முதல் புதன்கிழமை, இதுவும் மாறும். இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. துறைமுகத்திலிருந்து உள்ளே போகப் போக லாரிக் கூலி ஏறுவதால் ஜோஹனஸ்பர்க்காரர்கள் நம்மைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். டர்பனில் இருந்த இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் 2020இலும் 2022இலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டன. ரிச்சர்ட்ஸ் பே, சல்தானா பே துறைமுகங்களில் கப்பலில் இறங்கும் கேஸைத்தான் இப்போது அதிகம் நம்பியிருக்கிறோம். கிலோ முப்பதிலிருந்து நாற்பது ரேண்டுக்குள் என்று கணக்கு வைத்துக்கொள். என்3 சாலையில் மலை ஏறுவதற்கு முன்பு வீட்டுப் பக்கத்திலேயே நிரப்பிவிடு.

இரண்டு கிலோவாட் பர்னர் ஒன்று முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு 150 கிராம் போலக் குடிக்கும். காலையில் காபி, உப்புமா, ராத்திரி குக்கரில் சோறு, ஒரு குழம்பு, குழந்தைக்குப் பால். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் எரித்தாலும் நாலு நாளைக்கு ஒன்றரைக் கிலோதான். அறுபது ரேண்டுக்குள் முடிந்துவிடும். கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பித் தரும் பன்னி சோ ஒன்று வாங்கினால் அதைவிட அதிகம். காரவனை இழுத்துக்கொண்டு வண்டி மலை ஏறும்போது குடிக்கிற டீசல்தான் உன் பையைக் கடிக்கும்.

ஃபிரிட்ஜை மட்டும் கேஸில் ஓடவிடாதே. பழைய காரவன் ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும்தான். ஆனால் அது மட்டும் ஒரு நாளைக்குக் கால் கிலோவுக்கு மேல் தின்னும். மஹாயில் கரன்ட் இணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்கு.

இனி சிலிண்டர். இந்தியாவில் வீட்டுக்குப் பெரும்பாலும் 14.2 கிலோதான், ரெகுலேட்டரை 'டக்' என்று மாட்டினால் வேலை முடிந்தது. அந்த ரெகுலேட்டர் இங்கே எதிலும் பொருந்தாது. பெட்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தால் அங்கேயே இருக்கட்டும். இங்கே இரண்டு சாதி. ஒன்று, 9, 19, 48 கிலோ என்று வரும் வீட்டு சிலிண்டர்கள். அவை பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். டெபாசிட் கட்டி எடுத்து, தீர்ந்ததும் அதே கம்பெனியின் காலியைக் கொடுத்து நிறைந்ததை மாற்றிக்கொள்ள வேண்டும். போன் செய்தால் வீட்டில் கொண்டுவந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குத் தனிக் கூலி. இன்னொன்று, காடாக் என்ற பிராண்ட் மாதிரியான முகாம் சிலிண்டர். அதை நீயே விலைக்கு வாங்கி, கடையில் எடை போட்டு நிரப்பிக்கொள்வாய். பழையவர்கள் இன்னும் 'நம்பர் செவன்', 'நம்பர் டென்' என்றுதான் கேட்பார்கள். அது பவுண்டுக் கணக்கு. பத்து என்றதும் பத்து கிலோ என்று நினைத்துவிடாதே, நாலரைக் கிலோதான்.

9 கிலோ சிலிண்டரை மாட்டும்போது எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். அதன் ரெகுலேட்டரைப் புல்நோஸ் என்பார்கள், மரை இடது பக்கம். இறுக்க வேண்டுமானால் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். முதல் நாள் நான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கழற்றிக்கொண்டே இருந்தேன், இறுக்குகிறேன் என்ற நினைப்பில்! பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடம்தான் நான் இதெல்லாம் கற்றேன். அவருடைய பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். இவர் இளைஞராக இருந்தபோது நல்ல கடற்கரைகளும் முகாம்களும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் போனது. அதற்குப் பிறகுதான் காரவன் வாங்கினார். அவர் அதைத் துடைப்பதைப் பார்த்தால் தேர் துடைப்பது போல இருக்கும்.

என் கட்சி: 9 கிலோ வேண்டாம். இரும்பும் கேஸும் சேர்ந்து கிட்டத்தட்ட இருபது கிலோ, அது முழுவதும் காரவன் மூக்கில்தான் உட்காரும். 5 கிலோ ஒன்று, 3 கிலோ ஒன்று வாங்கு. பெரியது காரவன் அடுப்புக்கு. சின்னது வெளியே ஸ்காட்டலுக்கு (கேஸில் சூடாகும் குழிந்த சமையல் தட்டு), பெரியது தீர்ந்தால் காப்பாற்றவும் அதுவே. ராத்திரி எட்டு மணிக்குப் பாதி வெந்த சோற்றோடு மலையில் நிற்பதைவிட இரண்டாவது சிலிண்டருக்கான காசு பெரிதல்ல. வீட்டில் ஏற்கெனவே லோட்ஷெடிங் காலத்து 9 கிலோ கிடக்கிறது, அதையே கொண்டுபோகலாமா என்றால், போகலாம், இடுப்புப் பத்திரம். பெட்டி அடுப்புக்கான தகர டப்பா கேஸ் மலிவாகத் தெரியும். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பல மடங்கு.

நிரப்பும்போது பக்கத்தில் நின்று தராசைப் பார். ஒரு முறை வழியில் ஒரு கடையில் 5 கிலோவுக்குக் காசு கொடுத்தேன். முகாமுக்குப் போய் சந்தேகத்தில் தொங்குதராசை எடுத்தேன், ஊருக்குப் பறக்கும்போது சூட்கேஸ் எடை பார்ப்போமே, அதேதான். சிலிண்டர் கழுத்தில் காலி எடை குத்தியிருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் 3.7 கிலோ. திரும்பிப் போய்ச் சண்டை போட நூற்றி இருபது கிலோமீட்டர். அன்றிலிருந்து அந்தத் தராசு காரவன் டிராயரில்தான் இருக்கிறது.

மஹாய் ஜூலை என்பதால் இதையும் கேள். இங்கே விற்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். எரிய எரிய புரோப்பேன்தான் முந்திக்கொண்டு போகும், அடியில் பியூட்டேன் தங்கும். அதனால் விடிகாலையில், புல்லெல்லாம் வெள்ளைப் பனி பூத்திருக்கும்போது, கால்வாசி சிலிண்டரில் தீ சோம்பிப் படுத்துக்கொள்ளும். தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு பேசினில் வெதுவெதுப்பான நீர் விட்டு அதில் நிறுத்து, எழுந்துவிடும். கொதிநீர் வேண்டாம். தகர டப்பா பெரும்பாலும் பியூட்டேன் என்பதால் அங்கே இன்னும் மோசம்.

பழைய காரவன் என்றாய், எனவே அனுமதி பெற்ற கேஸ் ஃபிட்டரிடம் ஒரு முறை காட்டிச் சான்றிதழ் வாங்கிவிடு. ஆரஞ்சு ஹோஸில் விரிசல் இருந்தால் யோசிக்காமல் மாற்று. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பார். கேஸ் காற்றைவிடக் கனம், கீழே இறங்கித் தங்கும். தரையில் ஓட்டைகள் இருப்பது அது வெளியேறத்தான். எறும்பு வருகிறது என்று முன் சொந்தக்காரர் எதையாவது திணித்திருப்பார், குனிந்து பார். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிடாதே, கம்பளி இன்னொன்று எடுத்துப் போ.

ஸ்காட்டலில் தோசை வருமா என்று உன் மனைவி கேட்கச் சொன்னாராம். வரும். ஆனால் அது குழிந்த தட்டு, மாவு நடுவில் சேர்ந்து ஆப்பமும் தோசையும் கலந்த மாதிரி நிற்கும், ஓரம் நன்றாக முறுகும். மாவை வீட்டிலேயே பொங்கவைத்து கூல்பாக்ஸில் எடுத்துப் போகச் சொல். அந்தக் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் பொங்காது.