கொழுந்தனுக்கு ஹெபடைட்டிஸ் பி: தனித் தட்டு தேவையா?

கேள்வி: என் கொழுந்தனுக்கு வயது 26. ரத்ததானம் செய்துவிட்டு வந்தவரை ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, 'ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்' என்றார்கள். அன்றிலிருந்து மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். நான் ஐந்து மாத கர்ப்பிணி. வீட்டில் ஒரே கழிப்பறைதான். இதுவும் எய்ட்ஸ் மாதிரிதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கொசு கடித்தாலும் பரவுமா? அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், இனி கல்யாணம் செய்யலாமா? மாமனாருக்கு சுகர் இருப்பதால் வீட்டில் மெஷின் இருக்கிறது. எல்லோரும் அதில்தான் பார்த்துக்கொள்வோம்.
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்தத் தனித் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிடுங்கள், அம்மா. ஹெபடைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் கிருமி, சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. டம்ளர், துணிமணி, கழிப்பறை, இருமல், தும்மல், தொட்டுப் பேசுவது எதிலும் பரவாது. எச்.ஐ.வி.யும் அப்படித்தான். கொசுவும் இவற்றைப் பரப்பாது. கடிக்கும்போது கொசு தன் எச்சிலைத்தான் நமக்குள் விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. எச்.ஐ.வி. கிருமி அதன் வயிற்றிலேயே செரித்துப்போகும்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மஞ்சள் காமாலை என்ற ஒரே பெயரில் பல கிருமிகளை நாம் சேர்த்துச் சொல்கிறோம். ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைகள் மலத்தில் வெளியேறி, கெட்ட தண்ணீர், உணவு வழியாக அடுத்தவருக்குப் போகும். அதில் இ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தாகவே முடியலாம். எனவே நீங்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள். பி, சி, எச்.ஐ.வி. மூன்றின் வழி வேறு: ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு. சி வகை பெரும்பாலும் ரத்தம் வழியாகவே வரும். நோயாளிக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. பி வகையில், கிருமி அதிகமுள்ள நோயாளியின் ஊசியானால், நூற்றில் முப்பது வரை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி வரிதான். சுகர் பார்க்க விரலில் குத்தும் பேனாவை உடனே தனித்தனியாக்குங்கள். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விரலில் அழுத்தும் அந்த முனை மூடியில் ரத்தம் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. காய்ந்தால் சீக்கிரம் செயலிழந்துவிடும், பி அப்படியல்ல. பேனா, ஊசி ஆளுக்கு ஒன்று. ஊசியை ஒரு தடவைக்கு மேல் குத்தாதீர்கள். பயன்படுத்தியதைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிவையுங்கள். கொழுந்தனுக்கு சுகர் பார்க்க வேண்டுமானால் மெஷினும் தனியாக இருப்பதே நல்லது.

பிளேடு, ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி, முள் எடுக்கும் ஊக்கு எதையும் பகிரக் கூடாது. சலூனில் புது பிளேடு போட்டார்களா என்று பார்க்கிறோம். ஆனால் வெட்டுக்காயத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இது அவருக்கு எப்படி வந்தது என்று ஊர் பேசும். நடத்தையை முடிச்சுப் போடாதீர்கள். பெரியவரான பிறகு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றில் 95 பேருக்கு மேல் அது தானாகவே உடம்பைவிட்டுப் போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பி தடுப்பூசி நாடு முழுவதும் அரசுத் திட்டத்துக்கு வந்ததே 2011இல்தான், அவர் பிறந்து பல ஆண்டுகள் கழித்து. அவருக்கும் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம். எனவே மாமியாரும் உங்கள் கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை.

நீங்கள் இந்த வாரமே மூன்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: எச்.பி.எஸ். ஆன்டிஜென் (கிருமி இப்போது இருக்கிறதா), ஆன்டி-எச்.பி.எஸ். (எதிர்ப்பு சக்தி இருக்கிறதா), ஆன்டி-எச்.பி.சி. டோட்டல் (எப்போதாவது தொற்றியிருக்கிறதா). மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போடுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கர்ப்பத்தில் போடலாம். மேற்கையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாகப் பலிக்காது. வீட்டில் நெகட்டிவ் வந்த மற்றவர்களுக்கும் இதே மூன்று ஊசிதான்.

ஒருவேளை உங்களுக்கே எச்.பி.எஸ். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் கிருமி அளவைப் பார்ப்பார்கள். ஒரு மில்லியில் இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஏழாம் மாதத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்து. பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இரவில் பிரசவமாகி, மருந்தைத் தேடி அலைவதில்தான் நேரம் தவறிப்போகிறது. தாய்ப்பால் கொடுக்கலாம். உங்களுக்கு நெகட்டிவ் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி உண்டு.

கொழுந்தன் தாராளமாகத் திருமணம் செய்துகொள்ளலாம். பெண்ணிடம் மறைக்கக் கூடாது. அந்தப் பெண் பரிசோதனையில் நெகட்டிவ் என்றால் மூன்று ஊசியும் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்.பி.எஸ். 10 யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை. எச்.ஐ.வி.க்கு இப்படித் தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவில் அது பரவுவதில்லை. தானம் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சி வகையும் பார்த்திருப்பார்கள், அந்த முடிவையும் ரத்த வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு இப்போது தேவை கல்லீரல் பரிசோதனை, கிருமி அளவு, வயிற்று ஸ்கேன். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றுகூடச் சொல்லலாம். மதுவை அடியோடு நிறுத்த வேண்டும். மருத்துவர் மாத்திரை ஆரம்பித்துவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தியதும் கிருமி திடீரெனப் பெருகி, கல்லீரலே செயலிழந்து வந்தவர்கள் உண்டு.