கரையும் பேஸ்மேக்கர் முதல் கொழுப்புத் துகள் வரை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அரிசி மணியை விடச் சிறிய பேஸ்மேக்கர் செய்திருக்கிறார்களாம், வேலை முடிந்ததும் அது உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுமாம். உலோகம் எப்படிக் கரையும்? கரைந்தது ரத்தத்தில் கலந்தால் விஷமாகிவிடாதா?

பதில்: நீங்கள் படித்தது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் செய்த ஆய்வு, 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நீளம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 1.8, தடிமன் 1. சிரிஞ்சின் நுனிக்குள் அடங்கிவிடும்.

இது யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், செய்திகளில் அதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர் தேவைப்படுபவர்களுக்கு இது இல்லை. இதயத்தில் குறையோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்தபின் ஒரு வாரம் போலத் துடிப்புக்குத் துணை தேவைப்படும், அப்புறம் பெரும்பாலும் இதயம் தானே சமாளித்துக்கொள்ளும். அந்த ஒரு வாரத்துக்காக இப்போது இதயத் தசையில் மின்முனையைத் தைத்து, கம்பியை நெஞ்சு வழியாக வெளியே கொண்டுவந்து ஒரு பெட்டியில் இணைக்கிறார்கள். வேலை முடிந்ததும் வெளியிலிருந்தே அதை இழுத்து எடுக்க வேண்டும். அதற்குள் கம்பியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருந்தால், இழுக்கும்போது இதயத் தசையிலும் காயம் படலாம். நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு 2012-இல் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இந்தத் தற்காலிகக் கம்பியை எடுத்த பிறகுதான் உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டது, பிழைக்கவில்லை. பெரியவருக்கே இந்த ஆபத்து என்றால் பிறந்து சில நாளான குழந்தைக்கு எப்படி இருக்கும்! எடுக்கவே தேவையில்லாத பேஸ்மேக்கர் வேண்டும் என்று இவர்கள் இத்தனை வருடம் மல்லுக்கட்டியதற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்படிக் கரைகிறது? மெக்னீசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமான, உப்பான இடத்தில் வைத்தால் தண்ணீரோடு வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும், கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு வரும். நம் உடம்பில் ஏற்கெனவே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, தினமும் சாப்பாட்டிலிருந்து சில நூறு மில்லிகிராம் தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில், ஒரு நுண்கருவியிலிருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைச் சிறுநீரகம் சுலபமாக வெளியேற்றிவிடும். இது புது யோசனையும் கிடையாது. 1878-லேயே எட்வர்ட் ஹூஸ் என்ற மருத்துவர் ரத்தக்குழாயைக் கட்ட மெக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். புதியது என்னவென்றால், மின்னணுச் சில்லு செய்யும் சிலிக்கானும் கரையும் என்று 2012-இல் இதே ராஜர்ஸ் குழு காட்டியதுதான். சிலிக்கானை நானோமீட்டர் கணக்கில் மெல்லிய ஏடாகச் சீவினால், உடல் திரவத்தில் நாளுக்குச் சில நானோமீட்டர் வீதம் சிலிசிக் அமிலமாகக் கரைந்துபோகும்.

இந்தப் புதிய கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மின்சாரம். உள்ளே பேட்டரி என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றியிருக்கும் உடல் திரவம்தான் மின்பகுபொருள். உடம்புக்குள் போனதும் கருவியே பேட்டரி ஆகிவிடுகிறது! நெஞ்சின் மேல் ஒட்டிய மெல்லிய பட்டை துடிப்பு தவறுவதைக் கண்டால் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அடிக்கும், அந்த ஒளி தோலையும் சதையையும் ஊடுருவி உள்ளிருக்கும் கருவியை முடுக்கும். இதுவரை விலங்குகளிலும், இறந்த கொடையாளர்களின் இதயங்களிலும்தான் சோதித்திருக்கிறார்கள். அடுத்தது மனிதச் சோதனை, அதற்கு வருடங்கள் ஆகும்.

கேள்வி: அப்படியானால் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டையும் கரையும்படி செய்துவிடலாமே? ஏன் இன்னும் உலோகத்தையே வைக்கிறார்கள்?

பதில்: செய்தார்கள், விற்றார்கள், திரும்பப் பெற்றார்கள். அப்பாட் நிறுவனத்தின் ‘அப்சார்ப்’ ஸ்டென்ட்டுக்கு 2016 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது, 2017 செப்டம்பரில் விற்பனையே நின்றுபோனது. பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரில் செய்தது, சுமார் 3 வருடத்தில் கரையும். யோசனையில் ஒரு குறையும் இல்லை, பொருளின் பலத்தில்தான் சிக்கல். பாலிமர் உலோகத்தை விட வலுக்குறைந்தது, அதனால் குழாயைத் திறந்து பிடிக்க அதன் கம்பிகளைச் சுமார் 150 மைக்ரான் தடிமனாக வைக்க வேண்டியிருந்தது, அது அன்றைய நல்ல உலோக ஸ்டென்ட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தடித்த கம்பி ரத்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும், அங்கே சுழல் உண்டாகும், ரத்தம் உறையும். உலோக ஸ்டென்ட்டில் வருவதை விட அதிகமாக உறைகட்டி வருகிறது என்று பெரிய சோதனைகளில் தெரிந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

ஆனால் அந்த வேலை வீணாகவில்லை. கம்பியை மெலிதாக்கி, முழங்காலுக்குக் கீழே இருக்கும் ரத்தக்குழாய்களுக்கு என்று அதே நிறுவனம் செய்த கரையும் ஸ்டென்ட்டுக்கு 2024 ஏப்ரலில் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அந்தக் குழாய்களில் காலம் முழுக்க உலோகம் கிடப்பது நல்லதில்லை, வெறும் பலூன் வைத்து விரித்தால் கொஞ்ச நாளில் மறுபடி சுருங்கிவிடும். அங்கே இது பொருந்துகிறது. ஒரே பொருள், இதயத்தில் தோற்றது காலில் ஜெயிக்கிறது.

கேள்வி: எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு நோபல் கொடுத்தார்கள். அதில் கொழுப்பு எதற்குச் சேர்க்கிறார்கள்?

பதில்: இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கேடலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023-இல் மருத்துவ நோபல் கிடைத்தது, அவர்கள் 2005-இல் கண்டுபிடித்த ஒரு மாற்றத்துக்காக. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறுதான் எம்ஆர்என்ஏ. அதன் எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடினை வைத்தால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் பாய்வதில்லை. அந்தப் பெருமை முழுக்க அவர்களுக்கு உரியதுதான். ஆனால் எம்ஆர்என்ஏவை வெறுமனே ஊசியில் போட்டால் ரத்தத்தில் இருக்கும் நொதிகள் நிமிடங்களில் நறுக்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லுக்குள் நுழைய முடியாது, இரண்டும் மின்னேற்றத்தில் எதிர்மறை. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள்.

அந்தத் துகளில் நாலு வகைப் பொருள் இருக்கின்றன. கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிட், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் சேர்ந்த ஒரு கொழுப்பு, அப்புறம் கதாநாயகனான ‘அயனியாகும் கொழுப்பு’. ரத்தத்தின் பிஹெச் 7.4, அங்கே இந்தக் கொழுப்புக்கு மின்னேற்றம் கிடையாது, சாதுவாக இருக்கும். செல் அதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அந்தப் பையில் அமிலம் ஏற ஏற, பிஹெச் 6-க்குக் கீழே இறங்க இறங்க, இதற்கு நேர்மின்னேற்றம் வந்துவிடும், உடனே பையின் சுவரைப் பிளந்து எம்ஆர்என்ஏவை வெளியே விடும். மின்னேற்றம் எப்போதும் இருந்தால் செல்லுக்கு நஞ்சு, எப்போதும் இல்லாவிட்டால் பையிலேயே சிறை. இரண்டுக்கும் நடுவில் சரியாக மாறும் ஒரு மூலக்கூறைத் தேடி வேதியியலாளர்கள் நூற்றுக்கணக்கில் செய்து செய்து பார்த்தார்கள். அப்படியும் பையிலிருந்து தப்புவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் என்பார்கள், அதுவே தடுப்பூசிக்குப் போதுமானதாக இருந்தது. கொரோனாவுக்கு முன்பே, 2018-இல், ‘பட்டிசிரான்’ என்ற நரம்பு நோய் மருந்து இதே வகைத் துகளில் அனுமதி பெற்றுவிட்டது. அந்த அனுபவம் கையில் இல்லாமல் 2020-இல் ஒரு வருடத்துக்குள் தடுப்பூசி வந்திருக்காது.

கேள்வி: கிரிஸ்பர் வந்துவிட்டதே, இனி எல்லா மரபணு நோயும் தீர்ந்துவிடுமா?

பதில்: போன பதிலின் தொடர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்பர் என்பது மரபணுவைத் திருத்தும் கருவி. திருத்தத் தெரிந்துவிட்டது, திருத்துவதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இன்னும் எல்லா உறுப்புக்கும் வழி இல்லை.

அரிவாள் செல் ரத்தசோகைக்கு 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற ‘காஸ்கெவி’ சிகிச்சையில், ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்களை (ஸ்டெம் செல்) வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் கீமோ மருந்தால் காலிசெய்ய வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

2025-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தது வேறு மாதிரி. புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியாவை அகற்ற முடியாத ‘சிபிஎஸ்1’ குறைபாடு, மூளையைப் பாதித்து உயிரையும் எடுக்கக்கூடிய நோய். அந்த ஒரு குழந்தையின் டிஎன்ஏவில் இருந்த அந்த ஒரு எழுத்துப் பிழைக்கென்றே திருத்தியைத் தயாரித்தார்கள், 6 மாதத்தில்! கொழுப்புத் துகளில் வைத்து ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள், உடம்பிலிருந்து எதையும் வெளியே எடுக்கவில்லை. பிப்ரவரியில் முதல் தவணை, மொத்தம் மூன்று. வைரஸை வாகனமாக வைத்திருந்தால் ஒரு தவணையிலேயே உடம்பு எதிர்ப்பு கொண்டுவிடும், இரண்டாவது போட முடியாது. ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனுரு இருவரும் இதை முன்னின்று நடத்தினார்கள். குழந்தை முன்பை விட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, மருந்தின் அளவு குறைந்தது. நோய் முழுக்கப் போய்விட்டது என்று அந்த மருத்துவர்களே சொல்லவில்லை.

இது நடந்ததற்கு ஒரு காரணம், பிழையைத் திருத்த வேண்டிய இடம் கல்லீரல். ரத்தத்தில் போன கொழுப்புத் துகளின்மேல் ‘அப்போஇ’ என்ற புரதம் ஒட்டிக்கொள்ளும், கல்லீரல் செல்கள் அதைத் தன் உணவுக் கொழுப்பு என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். மூளைக்கோ தசைக்கோ இதயத்துக்கோ அப்படி ஒரு சுலபமான வாசல் இன்னும் திறக்கவில்லை. தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் காத்திருப்பது அந்த வாசலுக்காகத்தான். என்னைக் கேட்டால் அடுத்த பத்து வருடத்தில் அதிகப் பணமும் மூளையும் கொட்ட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: 2025 வேதியியல் நோபல் பெற்ற உலோகக் கரிமச் சட்டகம் மருத்துவத்துக்கு உதவுமா?

பதில்: சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் கிடைத்தது. உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்துக் கட்டிய படிகம், உள்ளே எல்லாம் வெற்றிடம். இந்தச் சட்டகத்தின் ஆங்கிலச் சுருக்கம் எம்ஓஎஃப். யாகி 1999-இல் செய்த ‘எம்ஓஎஃப்-5’-இல் ஓரிரு கிராமின் உள்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவு. பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கவும், கரியமில வாயுவைப் பிரிக்கவும் இந்தக் குடும்பத்தில் நல்ல பொருட்கள் இருக்கின்றன. மருந்தை அடைத்து அனுப்பலாம் என்று நிறைய ஆய்வுகள் நடக்கின்றன, ஹாஃப்னியம் என்ற உலோகத்தை வைத்துக் கட்டிய ஒன்று புற்றுநோய்க் கதிர்வீச்சோடு சேர்த்து ஆரம்பகட்ட மனிதச் சோதனை வரை போயிருக்கிறது. ஆனால் எம்ஓஎஃப்-5 காற்றின் ஈரப்பதத்திலேயே உடைந்துபோகும், ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர், அதில் பாஸ்பேட் வேறு இருக்கிறது. எனவே மருந்தை விடத் தண்ணீர், காற்று சார்ந்த வேலைகளில்தான் இது முதலில் பெரிதாக வரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மூளைக்குள் சிப் வைத்தால் அது எத்தனை நாள் வேலை செய்யும்?

பதில்: சிப்பை விட மூளையின் மென்மைதான் அதை முடிவு செய்கிறது. சிலிக்கான் மூளைத் திசுவை விடக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. நாம் மூச்சு விடும்போதும் நாடி துடிக்கும்போதும் மூளை லேசாக அசையும், விறைத்த ஊசி அசையாது, உரசலில் அதைச் சுற்றித் தழும்பு கட்டி சமிக்ஞை மங்கும். அதனால்தான் வளையும் பாலிமர் இழைகளுக்கு மாறினார்கள். அதிலும் வேறு சிக்கல் வந்தது: 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் தன் மூளைச் சிப்பை முதல் மனிதருக்குப் பொருத்தியதில் பல இழைகள் சில வாரங்களிலேயே மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன, மென்பொருளை மாற்றித்தான் ஈடுகட்டினார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். ஸ்டெம் செல் வைத்துக் குணமாக்கிவிட்டதாகச் செய்தி பார்த்தேன். பணம் கட்டினால் உடனே செய்கிறோம் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

நீங்கள் பார்த்த செய்தி உண்மைதான். 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்றில் 12 பேர், ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மற்றொன்றில் 7 பேர். மூலச்செல்களிலிருந்து, பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைனைச் சுரக்கும் நரம்புசெல்களின் முன்னோடிகளை வளர்த்து மூளைக்குள் வைத்தார்கள். கட்டி எதுவும் வளரவில்லை, சிலருக்கு நடுக்கமும் அசைவும் மேம்பட்டன. அந்தச் சோதனைகள் கேட்ட முதல் கேள்வியே ‘இது ஆபத்தில்லாததா?’ என்பதுதான், ‘குணமாகுமா?’ என்பது இல்லை.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், இதே நோயில் ஒருமுறை அடிபட்டிருக்கிறோம். 1990-களில் கருவின் மூளைத் திசுவை வைத்துப் பார்த்தபோது பலருக்கு நல்ல முன்னேற்றம் என்று சொன்னார்கள். பிறகு 40 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் திசு, மீதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாமல் செய்தார்கள். 2001-இல் முடிவு வந்தபோது, நோயாளிகளே தங்கள் நிலையை மதிப்பிட்டதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திசு வைத்தவர்களில் சிலருக்கு, கட்டுப்படுத்த முடியாத அசைவுகள் புதிதாக வந்தன. பார்க்கின்சனில் நம்பிக்கை மட்டுமே கொஞ்ச நாளைக்கு உடம்பை நன்றாக்கிக் காட்டும், அதனால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. இப்போது அந்த 12 பேர் ஆய்வின் தொடர்ச்சியாக அதே மாதிரி ஒப்பீட்டோடு மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியிருக்கிறது.

முறையான சோதனையில் சேர நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பது வழக்கமில்லை. அந்த இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகைச் செல், எந்த அரசு அமைப்பு அனுமதித்தது, சோதனைப் பதிவு எண் என்ன? எழுத்தில் பதில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் இந்தச் செய்தியைக் காட்டி, அவர் வயதுக்கும் நோயின் நிலைக்கும் ஏற்ற சோதனை எங்காவது ஆள் சேர்க்கிறதா என்று கேளுங்கள். மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே குறைந்துவிடுகிறதென்றால் மூளைக்குள் மின்முனை வைத்துச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டல் அவருக்குப் பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள், அது பல வருடம் பழகிய சிகிச்சை. யார் என்ன சொன்னாலும் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.