கொரோனாவில போனவங்களுக்கு ஏன் பேப்பர் கொக்கு மடிக்கிறாங்க, மட்டக்களப்பில செய்யலாமா?

செய்யலாம், கட்டாயம் செய்யணும். இது ஜப்பான்ட பழக்கம். 1,000 கொக்கு மடிச்சா நேந்தது நடக்கும் எண்டு நம்பிக்கை, ஹிரோஷிமா குண்டால நோய் வந்து 1955ல செத்த சடாகோ எண்ட பிள்ளைக்குப் பிறகு அது நினைவுச் சின்னமாவே மாறிட்டுது. கொரோனா நேரம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல செத்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொக்கு எண்டு சனமே மடிச்சு அனுப்பி நூல்ல கோத்துத் தொங்கவிட்டாங்க.

நம்மட பக்கம் இது இன்னும் ஆழமா வலிக்கிற விஷயம், 2020ல உடம்புகள எரிக்கத்தான் வேணும் எண்டு சட்டம் போட்டு, முஸ்லிம் சனம் அழுது கெஞ்சி, பிறகு 2021 மார்ச்லதான் நம்மட மாவட்டத்து ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க, அங்க மட்டும் 3,000 பேருக்கு மேல கிடக்காங்க. அதுக்கு முதல் கொழும்பில பொரளை மயான கேட்ல, இப்பிடி எரிக்கிறத எதிர்த்து சனம் வெள்ளத் துணி கட்டினதும் இதே மாதிரித்தான்.

எங்கட பெரியம்மாவுக்கு நான் கொப்பி ஒற்றையிலதான் மடிச்சன். சதுரமா வெட்டி, நகத்தால மடிப்ப அழுத்தி, செட்டைய விரிக்க முதல் உள்பக்கம் பேர எழுதினன். பெட்டி சீல் பண்ணினதால அவட முகம் பாக்கக் கிடைக்கல்ல, அந்தப் பேர எழுதக்கதான் எனக்கு அழுகையே வந்தது.