ஒருத்தியின் ஐந்து தலைகள்

கேள்வி: நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் செய்த ஐந்து வெண்கலத் தலைகள் இருக்கின்றன. ஐந்துக்கும் ‘ஜானெட்’ என்றே பெயர். முதலாவதில் ஓர் இளம்பெண் தெரிகிறாள். ஐந்தாவதில் முகமே உருக்குலைந்திருக்கிறது. இவற்றில் எது அவளுடைய உண்மையான உருவச்சிலை? மற்றவை வெறும் பயிற்சிதானா?
— கல்லூரி ஆசிரியை ஒருவர், திருச்சி

பதில்: ஐந்தில் எதையும் வெறும் பயிற்சி என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. இந்த ‘ஜானெட்’ தலைகளுக்கு மாதிரியாக அமர்ந்த ஜான் வாதெரன் என்ற இளம்பெண், பாரிஸை அடுத்த இஸி லெ மூலினோவில் மத்தீஸ் குடியிருந்த வீட்டுக்கு அருகிலுள்ள கிளாமாரில் தங்கியிருந்தவர். 1910இல் அவரை எதிரில் அமர்த்தி முதல் இரண்டு தலைகளையும் மத்தீஸ் வடித்தார். அதே ஆண்டில் அவரைத் துலிப் செடியோடு வரைந்த ஓவியம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜில் இருக்கிறது. அதே கோலத்தில் கரித்துண்டால் தீட்டிய படமோ, தாங்கள் கேட்கும் நியூயார்க் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அவருடைய முகச்சாயலை மத்தீஸ் நன்றாகவே அறிந்திருந்தார் என்பதற்கு இவை போதும். ஆகவே, பின்னால் வந்த தலைகளில் சாயல் மாறியது கைத்திறன் குறைந்ததால் அன்று.

மூன்றாவது தலை முதல் அந்தப் பெண் எதிரில் இல்லை. ஏற்கெனவே செய்த தலையின் பிளாஸ்டர் வார்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் செதுக்கியும் மண்ணை ஏற்றியும் அடுத்ததை உருவாக்கினார். அப்போது அவர் கேட்டுக்கொண்ட கேள்வி, ‘இவள் எப்படி இருக்கிறாள்?’ என்பதிலிருந்து, ‘ஒரு தலை எந்தெந்தத் திரட்சிகளால் ஆனது?’ என்பதாக மாறிவிட்டது என்றே நான் கருதுகிறேன். மூன்றாவதில் கூந்தல் தனித்தனி உருண்டைகளாகத் திரள்கிறது. நான்காவதில் அந்தத் திரட்சி இன்னும் முரட்டுத்தனமாகி, மூக்கு முன்தள்ளி நிற்கிறது. 1916இல் முடிந்த ஐந்தாவதில் கூந்தலின் பெரும்பகுதி நீங்கிவிட, நெற்றியும் மூக்கும் ஒரே வடிவமாக இணைகின்றன. இரு கண்களும் ஒன்றுபோல இல்லை. உருவங்களை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் க்யூபிசம் என்ற கலைப்பாணி, ஓவியர்களை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1909இலேயே பிகாசோ தம் துணைவி பெர்னாந்தின் தலையைப் பட்டை பட்டையாக உடைத்து வடித்திருந்தார். மத்தீஸ் அந்த வழியில் போகவில்லை. அவர் உடைப்பதைவிடத் திரட்டுவதையே விரும்பினார்.

கேள்வி: முந்தைய நிலைகளை அழிக்காமல் ஏன் வைத்திருந்தார்?
— அதே வாசகி

பதில்: இதுவே மிக முக்கியமான கேள்வி. திரைச்சீலையில் ஒரு முகத்தைத் திருத்தினால், பழைய முகம் புதிய வண்ணத்தின் அடியில் மறைந்துவிடும். களிமண்ணில் வடித்ததற்கு அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்துக்கொண்டால், அந்த நிலை அப்படியே தங்கும். அதன் இன்னொரு வார்ப்பின்மேல் துணிந்து கைவைக்கலாம். இழந்துவிடுவோமே என்ற அச்சம் இல்லாததால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது. ஆளுயரத்துக்கும் மேலான ‘முதுகு’ என்ற நான்கு புடைப்புச் சிற்பங்களையும் 1909 முதல் ஏறத்தாழ 1930 வரை அவர் இதே முறையில்தான் செய்தார். அவையும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளன.

வெண்கலத்தில் ஒரே அச்சிலிருந்து பல படிகள் வார்க்கலாம் என்பதால், ஜானெட் வரிசை லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்திலும் முழுமையாக இருக்கிறது. எங்கே பார்த்தாலும் முகத்துக்கு நேரே மட்டும் நிற்காமல் பக்கவாட்டிலும் வந்து நில்லுங்கள். நேரே பார்க்கையில் சிதைவாகத் தோன்றும் ஐந்தாவது தலையில், நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் வளைவு அங்கிருந்து எத்தனை உறுதியானது என்பது தெரியும்.