முதல் வண்டி எது வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

குட்டிப் பிள்ளைங்க உட்கார்ந்து ஓட்டுற வண்டியப் பத்தி நம்ம சிங்கப்பூர் வாசகர்கள்கிட்டேருந்து வந்த கேள்விகள மட்டும் இந்த முறை எடுத்துக்கிட்டேன். ஒரே விஷயத்த நாலஞ்சு பேரு கேட்டிருந்ததால சிலத ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: என் பையனுக்கு அடுத்த மாசம் ஒரு வயசு ஆகுது. சோபாவப் பிடிச்சு நிக்கிறான், ஓரமா ரெண்டு மூணு அடி வைக்கிறான், கைய விட்டா உட்கார்ந்துடுறான். பிறந்தநாளுக்கு பேட்டரி கார்தான்னு தாத்தா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வாக்கர்ல போடு, சீக்கிரம் நடந்துடுவான்னு நாத்தனார் சொல்றாங்க. எனக்கு என்னமோ காலால உந்தி ஓட்டுற குட்டி வண்டி போதும்னு தோணுது. நாலறை வீடு, ஹால் ரொம்பப் பெருசு கிடையாது, பட்ஜெட் நூறு வெள்ளி. எது வாங்குறது? (பொங்கோல் வாசகி)

பதில்: உங்களுக்குத் தோணுனதுதான் சரி, அதையே வாங்குங்க, நூறு வெள்ளிக்குள்ளயே நல்லதா கிடைக்கும். ஆனா பிறந்தநாள் அன்னைக்கே தூக்கி உட்கார வச்சு போட்டோ எடுத்தாகணும்னு அவசரம் மட்டும் வேண்டாம். பிள்ளைங்க தனியா நடக்க ஆரம்பிக்கிறது ஒன்பது மாசத்துலேருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் எப்ப வேணும்னாலும் நடக்கும், எல்லாமே சாதாரணம்தான். கைய விட்டு தடுமாறாம நடந்து, குனிஞ்சு ஒரு பொருள எடுத்துட்டு மறுபடி நிமிர வந்துச்சுன்னா அப்பதான் வண்டில தானா கால் போட்டு ஏறவும் முடியும் இறங்கவும் முடியும். தானா இறங்கத் தெரியாத பிள்ளைய வண்டில உட்கார வச்சா அது எப்படா நம்மள தூக்குவாங்கன்னு அழுதுக்கிட்டுதான் இருக்கும். அதனால வாங்கி வைங்க, அவன் அதச் சுத்திச் சுத்தி வந்து தட்டிப் பார்க்கட்டும், சக்கரத்த உருட்டிப் பார்க்கட்டும், ஏறணும்னு அவனுக்கே ஆசை வரும்.

நாத்தனார்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க, நடுவுல தொங்க வைக்கிற அந்தச் சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். அது நடைய சீக்கிரம் கொண்டு வராது, பல பிள்ளைங்களுக்கு நுனிக்கால்ல உந்துற பழக்கத்தக் குடுத்து நடைய தள்ளித்தான் போடும். அதுல ஒரு பிள்ளை ஒரு செகண்ட்ல நாலடி ஓடிடும், படிக்கட்டுல உருண்டுடும், மேசைத்துணிய இழுத்து சூடான மைலோவ மேல ஊத்திக்கும், பெரியவங்க பக்கத்துலயே இருந்தாலும் தடுக்க நேரம் இருக்காது. கனடாவுல 2004லேருந்து அத விக்கவே தடை, வீட்டுல கிடக்குற பழசக்கூட இன்னொருத்தருக்கு விக்கக் கூடாது.

தாத்தாவோட ஆசை பெரிய ஆசை, புரியுது. ஆனா பேட்டரி கார்ல பிள்ளை செய்யுற வேலை ஒரு பட்டன அமுக்குறது மட்டும்தான். இந்த வயசுல இடுப்பும் தொடையும் பாதமும் சேர்ந்து வேலை செய்யணும், எந்தக் கால முதல்ல உந்துறது, எப்படித் திரும்புறதுன்னு உடம்பு தானா கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் இந்த வண்டியே. ரிமோட் நம்ம கையில இருந்தா அவன் வெறும் பயணி. அதோட அந்தக் கார் பத்துக் கிலோவுக்கு மேல இருக்கும், நாலறை வீட்டுல நிறுத்தவே ஒரு மூலை முழுசாப் போயிடும். மூணு வயசுக்கு அப்புறம் பார்த்துக்கலாம் அப்பான்னு சொல்லுங்க, இப்போ காலால உந்துற வண்டிய அவரையே வாங்கித் தரச் சொல்லுங்க, அளவெடுக்குற வேலையையும் அவர்கிட்டயே குடுங்க.

அளவா? ஆமா, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. பெட்டி மேல போட்டிருக்குற வயச நம்பி வாங்காதீங்க, ஒரே வயசுல ஒருத்தன் குட்டையா இருப்பான், ஒருத்தி நெட்டையா இருப்பா. பிள்ளைய வெறுங்காலோட சுவத்துல சாய்ச்சு நிக்க வச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு புத்தகத்த மேல வரைக்கும் கொண்டு போய், தரையிலேருந்து புத்தகத்தோட மேல் ஓரம் வரைக்கும் அளந்துக்குங்க. வண்டி சீட்டு அதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் தாழ்வா இருக்கணும். உட்கார்ந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், முட்டி லேசா மடங்கியிருக்கணும். விரல் நுனி மட்டும் தொட்டா அந்த வண்டி அவனுக்கு இன்னும் பெருசு, வளர்ந்துக்குவான்னு வாங்கினீங்கன்னா வளர்ற வரைக்கும் அது துணி காயப் போடத்தான் ஆகும்.

சீட்டோட அகலமும் பாருங்க, தொடை ரொம்ப விரிஞ்சா உந்த முடியாது. சக்கரங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளி சீட்ட விட அகலமா இருக்கணும். கடையிலயே பின்பக்கக் கைப்பிடிய கீழ அமுக்கிப் பாருங்க, முன்சக்கரம் சட்டுனு தூக்கிச்சுன்னா வாங்காம அங்கயே வச்சிடுங்க, ஏன்னா பிள்ளை அதப் பிடிச்சுத்தான் எந்திரிக்கும். ஸ்டியரிங் ஒரு அளவோட நிக்கணும், சுத்திக்கிட்டே போச்சுன்னா சின்னப் பிள்ளை வளைவுல கவுந்துடும். ஜெர்மனியோட பாபி கார் 1972லேருந்து வர்றது, உட்கார்ற இடத்துக்கு முன்னாடி முட்டிக்குன்னு பள்ளம் விட்டு செஞ்சிருப்பாங்க, நல்ல அமைப்பு. கூரை வச்ச கோஸி கூப் பார்க்க அழகு, ஆனா ஒன்றரை வயசுக்கு மேலன்னு கம்பெனியே போட்டிருக்கு, உங்க ஹாலுக்கு அது பெருசும்கூட. கம்பெனி பேரு இல்லாட்டியும் பரவாயில்ல, பெட்டில பொம்மைப் பாதுகாப்புத் தரம் இஎன் 71, ஏஎஸ்டிஎம் எஃப்963, ஐஎஸ்ஓ 8124 இதுல ஒண்ணாவது போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு, முதல் நாள் அவன் பின்னாடிதான் போவான், பயப்படாதீங்க. ரெண்டு காலையும் நீட்டி உந்துறது சுலபம், இழுத்து முன்னாடி வர்றது கஷ்டம், அதனால நிறையப் பிள்ளைங்க ரிவர்ஸ்லதான் ஆரம்பிக்கும். அப்போ பின்னாடி என்ன இருக்குன்னு நாமதான் பார்த்துக்கணும். கண்ணாடி மேசை, ஃபேன் வயரு, சமையலறைக்கு இறங்குற அந்தச் சின்னப் படி, அப்புறம் நம்ம வீடுகள்ல தரையில இருக்குற குத்துவிளக்கு. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துற நேரத்துல வண்டிய எடுத்து உள்ள வச்சிடுங்க.

கேள்வி: பகல்ல பேத்திய நானும் என் மனைவியும்தான் பார்த்துக்குறோம், அவளுக்கு பதினஞ்சு மாசம். ஊர்லேருந்து சொந்தக்காரர் மரத்துல செஞ்ச மூணு சக்கர நடைவண்டி கொண்டு வந்து குடுத்தாரு. நாங்க எல்லாரும் அதுல நடந்து வளர்ந்தவங்கதான். ஆனா இங்க பேத்தி பிடிச்சா வண்டி விர்ருன்னு ஓடுது, அவ முகம் குப்புற விழுறா. மருமக அத எடுத்து வைங்கன்னு சொல்லுது. என்ன செய்யலாம் அம்மா? (ஈசூன் தாத்தா)

பதில்: ஐயா, உங்க நடைவண்டி நல்ல பொருள், மேல திட்டுன வாக்கரோட இத சேர்க்காதீங்க. இதுல பிள்ளை தன் சொந்தக் கால்ல நின்னு, தன் எடையத் தானே தாங்கிக்கிட்டு பின்னாடி நடக்குது, வேண்டாம்னா விட்டுட்டு உட்கார்ந்துக்குது. குறை வண்டில இல்ல, தரையில இருக்கு. ஊர்ல மண் தரை, சாணம் மெழுகுன வாசல், மரச்சக்கரம் அதுல உராய்ஞ்சு மெதுவாத்தான் நகரும். வீவக அடுக்குமாடி வீட்டு டைல்ஸ்ல அந்த உராய்வே கிடையாது, கைப்பிடில லேசா சாய்ஞ்சாலே ஓடிடும், பிள்ளையோட காலு அந்த வேகத்துக்கு வராது.

மெதுவாக்குறதுக்கு வழி இருக்கு. சக்கரத்தச் சுத்தி பழைய சைக்கிள் டியூப வெட்டி இறுக்கமா ஒட்டுங்க, இல்லன்னா சைக்கிள் கடையிலயே கேளுங்க, செஞ்சு குடுப்பாங்க. முன்பக்கக் கட்டைல ஒரு கிலோ அரிசிப் பைய கட்டி வைங்க, கீழ, சக்கரத்துக்குப் பக்கத்துல, மேல கட்டினா கவுந்துடும். ஹால்ல குழந்தைங்க விளையாடுற பஞ்சு மேட் இருந்தா அது மேலயே ஓட்ட விடுங்க. பேத்திக்கு சாக்ஸ் வேண்டாம், வெறுங்காலு. மரத்துல சிம்பு நீட்டிக்கிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, பெயின்ட் அடிச்சிருந்து உரியுதுன்னா சுரண்டிட்டு வெறும் மரமாவே விடுங்க, இந்த வயசுல எல்லாமே வாய்க்குப் போகும், என்ன பெயின்ட்டுன்னு நமக்குத் தெரியாது. சுரண்டும்போது பேத்தி பக்கத்துல இருக்க வேண்டாம், தூசிய ஈரத்துணியால துடைச்சு எடுத்திடுங்க. இதெல்லாம் செஞ்சுட்டு மருமகள பக்கத்துல உட்கார வச்சு பேத்தி ஓட்டுறத காட்டுங்க, ஒத்துக்குவாங்கன்னு நெனைக்கிறேன்.

கேள்வி: பழைய பொருள் விக்கிற கரௌசெல் ஆப்ல இருபது வெள்ளிக்கு பாட்டு பாடுற வண்டி ஒண்ணு பார்த்தேன். பழசு வாங்கலாமா? (சுவா சூ காங் வாசகி)

பதில்: தாராளமா வாங்கலாம் தங்கச்சி, பிள்ளைங்க இத ஒண்ணு ஒண்ணரை வருஷம்தான் ஓட்டும், பிளாஸ்டிக் அதுக்கு மேலயும் உழைக்கும். ஆனா போட்டோவ மட்டும் பார்த்து பேநவ்ல பணம் அனுப்பிடாதீங்க, நேர்ல போய் தலைகீழா கவுத்துப் பாருங்க. அச்சுக்கிட்ட விரிசல், வளைஞ்ச சக்கரம், வெயில்ல காஞ்சு வெளுத்த பிளாஸ்டிக், அதெல்லாம் இருந்தா வேண்டாம், வெளுத்தது பட்டுனு உடையும், உடைஞ்ச முனை கத்தி மாதிரி இருக்கும்.

பாட்டுப் பெட்டியத்தான் ரொம்பக் கவனமா பார்க்கணும். சிலதுல பொத்தான் மாதிரி தட்டையான பேட்டரி இருக்கும். அத பிள்ளை முழுங்கி தொண்டைல சிக்கிச்சுன்னா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாய அரிச்சுடும், இது பயமுறுத்த சொல்லல, நெஜமாவே அவ்ளோ வேகம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கணும், அந்த ஸ்க்ரூ தொலைஞ்சிருந்தா டேப் ஒட்டி சமாளிக்காதீங்க, பாட்டுப் பெட்டியவே கழட்டிப் போட்டுட்டு ஓட்டக் குடுங்க. பாட்டு இல்லாம பிள்ளை நல்லாவே ஓட்டும். முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, 995 கூப்பிடுங்க, இல்லன்னா கேகே ஆஸ்பத்திரி பிள்ளைங்க அவசரப் பிரிவுக்கு நேரா போயிடுங்க. சார்ஜர் குடுக்குற மாதிரி வண்டின்னா அந்த சார்ஜர்ல சேஃப்டி மார்க்ங்குற பாதுகாப்பு முத்திரை இருக்கணும், இல்லன்னா பிளக்குல சொருகவே வேண்டாம்.

கேள்வி: மக ஓட்டுற சத்தம் தாங்கலன்னு கீழ்வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவை மேல வந்துட்டாங்க. காரிடார்ல ஓட்ட விட்டு அங்கயே நிறுத்திக்கலாமான்னு யோசிக்கிறோம். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அந்த ஆன்ட்டி பாவம், கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸ் இடுக்குல ஏறி இறங்குற சத்தம் கீழ கடகடன்னு கேக்கும். ரப்பர் சக்கரமோ, பியூன்னு சொல்ற மெத்துன பிளாஸ்டிக் சக்கரமோ வச்ச வண்டின்னா பாதி பிரச்சினை தீர்ந்துடும், சில கம்பெனிங்க சத்தம் வராத சக்கரத்த தனியாவும் விக்குறாங்க. மேட் போடுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டி தூங்கப் போயிடுச்சுன்னு சொல்லி எடுத்து வச்சிடுங்க. மகளையும் கூட்டிக்கிட்டு கீழ போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க, தீபாவளி முறுக்கோட போனா இன்னும் நல்லது.

காரிடார்ல நிறுத்துறது எனக்குப் பிடிக்கல. நெருப்புப் பிடிச்சா ஓட வழி வேணும்னு குடிமைத் தற்காப்புப் படை 1.2 மீட்டர் அகலத்துக்கு எதுவும் இல்லாம விடச் சொல்றாங்க. அப்புறம் மழைச் சாரல். சீட்டுக்கு அடியில பொருள் வைக்கிற குழி இருக்கும்ல, அதுல தண்ணி தேங்குச்சுன்னா ஒரே வாரத்துல ஏடிஸ் கொசு வந்துடும், தேசிய சுற்றுப்புற வாரியத்துக்காரங்க டார்ச் அடிச்சு பார்த்தா அபராதமும் உண்டு. ஓட்டுறதுக்குக்கூட லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் பக்கத்துல வேண்டாம். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி புளோக்குக்குக் கீழ சமமா இருக்குற விளையாட்டுக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கார் பார்க் சரிவுப் பக்கம் மட்டும் போகவே கூடாது, இந்த வண்டில பிரேக் கிடையாது.

கேள்வி: பையனுக்கு ரெண்டே கால் வயசு, குட்டி வண்டில கால் மடக்கி உட்கார்றான். அடுத்து மூணு சக்கர சைக்கிளா, பெடல் இல்லாத பேலன்ஸ் பைக்கா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: பேலன்ஸ் பைக். மூணு சக்கர சைக்கிள்ல பெடல் முன்சக்கரத்துலயே இருக்கும், ஹேண்டில திருப்புனா காலும் சேர்ந்து திரும்பும், பெடல சுத்தி மிதிக்க பெரும்பாலான பிள்ளைங்களுக்கு மூணு வயசு ஆகிடும், அதுவரைக்கும் நீங்கதான் பின்னாடி குனிஞ்சு தள்ளணும். பேலன்ஸ் பைக்ல அவன் இப்ப செய்யுற அதே உந்தலத்தான் செய்வான், கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு காலையும் தூக்கிப் பார்ப்பான், பின்னால பெடல் சைக்கிளுக்கு போகும்போது ஓரத்துல குட்டிச் சக்கரம் மாட்ட வேண்டியே இருக்காது.

சீட்டுக்கு மேல சொன்ன அதே புத்தக அளவுதான். எடையத் தூக்கிப் பாருங்க, பன்னெண்டு கிலோ பிள்ளைக்கு நாலு கிலோவுக்கு மேல வண்டி வேண்டாம், விழுந்தா அவனே நிமிர்த்தணும். ஹெல்மெட் முதல் நாள்லேருந்தே போடுங்க, விரல் ரெண்டு நுழையுற அளவுக்கு தாடை வார இறுக்குங்க. ஆனா நடுவுல சறுக்கு மரம் ஏற ஓடுவான் பாருங்க, அப்போ மறக்காம கழட்டிடுங்க, வாரு கம்பியில மாட்டி கழுத்த இறுக்கிடும். ஷூ மூடுன ஷூவா இருக்கணும், ஸ்லிப்பர் வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட்ல சைக்கிள் பாதை பக்கம் விடாதீங்க, பெரியவங்க அங்க வேகமா வருவாங்க, புல்தரைக்குப் பக்கத்துல சமமான அகலமான இடமா பார்த்துக்குங்க. ரெண்டு மூணு வாரம் சும்மா பைக்க பிடிச்சுக்கிட்டு நடந்துட்டே இருப்பான், சீட்டுல உட்காரவே மாட்டான். அப்போ உட்காரு உட்காருன்னு சொல்லாதீங்க, நடக்கட்டும்.