முதுகுக்குப் பின்னால் ஏழு யார்டு

அன்புள்ள ஐயா,

ஒஹாயோவில் குடியிருக்கிறேன். என் மகனுக்கு 15 வயது. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இடது டேக்கிள், அதாவது பந்தை எறிகிறவரைக் காக்கும் முன்வரிசையின் இடது ஓரத்து ஆள். ஆட்டம் முழுக்க அவன் பந்தைத் தொடுவதே இல்லை. ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொன்னால் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். அவனோ எந்நேரமும் ஜோ தாமஸ் புராணம்தான். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு 11 சீசன் ஆடி, சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றில் ஒரு ஆட்டத்தில்கூட இறங்காத மனிதர். திறமை இருந்தால் ஜெயிக்கிற அணிக்குப் போயிருக்க மாட்டாரா? தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு நகர்வும் ஒரு ஸ்னாப்) ஆடினார் என்கிறார்கள். லீவு போடாமல் வேலைக்குப் போனதெல்லாம் சாதனையா? குண்டர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொள்வதில் என்ன கலை இருக்கிறது? நிலைத்து நிற்க இன்னும் 20 கிலோ ஏறவேண்டும் என்று அவனுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சரிதானே?

ச.

அன்புள்ள ச.,

அந்த 10,363 மீது எனக்குக் கொஞ்ச காலமாகவே ஒரு முணுமுணுப்பு உண்டு. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

முதலில் சில்லறையை எண்ணி வைத்துவிடுகிறேன். 2015 சீசன் நடுவே தாமஸை டென்வர் அணிக்கு மாற்றும் பேச்சு நடந்தது, பேரம் படியவில்லை. டென்வர் அந்த சீசனில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்றது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் நினைத்த அன்று பெட்டியைக் கட்ட முடியாது. அவர் இருந்த 11 சீசனில் பிரவுன்ஸ் 48 வென்று 128 தோற்றது. முதல் சீசனில் 10 வென்றும் பிளேஆஃப் கிடைக்கவில்லை. இதையெல்லாம் ஒரு டேக்கிளின் தலையில் கட்டுவது அநியாயம். 2023இல், தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே, அவரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் வரிசையில் சேர்த்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

குண்டர்கள் தள்ளிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் ஒரு டேக்கிளை வைத்துக்கொண்டு இப்படி எழுத எப்படி மனம் வந்தது? நீங்கள் பந்தைப் பார்க்கிறீர்கள். பந்து டேக்கிளிடம் ஒருபோதும் வராது. அடுத்த ஆட்டத்தில் பையனின் இடது காலை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆன நொடியிலிருந்து பந்து, அதை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போகும்வரை, சுமார் இரண்டரை நொடி.

வலக்கை குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் கண்ணில் படாது. அந்தப் பக்கம்தான் உங்கள் பையன் நிற்கிறான். எதிரே ஓடி வருபவன் அவனைவிட இலேசானவன், வேகமானவன், முன்னோக்கி ஓடுகிறவன். இவன் பின்னோக்கிப் போகவேண்டும். அதற்கு கிக் ஸ்லைடு என்று பெயர். எடை வலது பாதத்தின் உட்புறத்தில் இருக்கும். அந்தக் கால் உந்த, இடது கால் பின்னால் சறுக்கும், வலது கால் அதே அளவு தொடரும். இரண்டு பாதமும் நெருங்கவும் கூடாது, பின்னிக்கொள்ளவும் கூடாது, தலை மேலும் கீழும் ஆடவும் கூடாது.

சொல்ல எளிது. பாதங்கள் நெருங்கிய கணத்தில் எதிராளி நெஞ்சில் மோதினால் 140 கிலோ ஆளும் மல்லாந்து விழுவான். இடது கால் அதிகமாக விரிந்தால் இடுப்பு வெளிப்பக்கம் திறந்துகொள்ளும், எதிராளி உட்பக்கமாக நுழைந்துவிடுவான். தாமஸ் தன் மூக்கை எதிராளியின் உட்பக்கத் தோளுக்கு நேராக வைத்திருப்பார். அப்படி நின்றால் சுருக்கு வழி அடைபட்டு, எதிராளிக்குச் சுற்றுவழி மட்டுமே மிஞ்சும். கைகளை அவசரப்பட்டு நீட்டினாலும் வம்புதான். எடை முன்பாதத்தைத் தாண்டிவிடும். எதிராளி அந்தக் கையைத் தட்டிவிட்டால் டேக்கிள் குப்புற விழ, அவன் தாண்டிப் போவான். பள்ளி ஆட்டங்களில் பையன்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தள்ளும் ஆசையில் சாய்ந்துவிடுகிறார்கள்.

தாமஸ் எப்போதும் ஒரே மாதிரி பின்வாங்க மாட்டார். ஒருமுறை நேராகப் பின்னால், ஒருமுறை சாய்வாக, ஒருமுறை ஸ்னாப் ஆனதுமே பாய்ந்து மோதுவார். எதிராளியால் அடுத்த அடியைக் கணக்கிட முடியாது.

இனி என் பழைய முணுமுணுப்புக்கு வருகிறேன். 2007 செப்டம்பரில் தொடங்கி, 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இடது கையின் டிரைசெப்ஸ் தசை கிழியும்வரை ஒரு ஸ்னாப்கூட விடாதவர் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். நான் அதைவிடப் பெரிதாக நினைக்கும் எண் 20. அந்தக் காலத்தில் பிரவுன்ஸுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். தலைமைப் பயிற்சியாளர்கள் 6 பேர். 2008 சீசனில் மட்டும் குவார்ட்டர்பேக்குகள் நான்கு பேர்: ஆண்டர்சன், குவின், டோர்சி, கிராட்கவ்ஸ்கி.

டேக்கிளுக்கு இது ஏன் தலைவலி? அவன் காப்பாற்றும் ஆள் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். திரும்பிப் பார்க்க நேரமில்லை. குவார்ட்டர்பேக் ஐந்து காலடி பின்வைத்து எறியும் ஆட்டமென்றால் அவர் சுமார் 7 யார்டு பின்னால் நிற்பார் என்று நம்பி இவன் தன் வளைவைப் போடுகிறான். ஓடி வருபவனை அந்த 7 யார்டைத் தாண்டித் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. குவார்ட்டர்பேக் பதறிப்போய் 10 யார்டுக்குப் போய்விட்டால்? இவன் சரியாகத் தள்ளிவிட்ட எதிராளி நேராக அவர் மடியில் போய் விழுவான். பார்வையாளர்கள் டேக்கிளைத் திட்டுவார்கள். ஜானி மன்ஸியல் போலப் பக்கவாட்டில் ஓடுகிறவர் வந்தால் இன்னொரு சிக்கல். எதிராளி அவரைப் பார்த்துச் சட்டென்று திரும்புவான். டேக்கிளுக்கு அது எதிராளியின் உடல் திரும்பிய பிறகுதான் தெரியும். கை அதே சட்டையில் இருக்கும். ஹோல்டிங் (பிடித்து நிறுத்தும் குற்றம்) என்று நடுவரின் கொடி விழும், 10 யார்டு போகும்.

ஸ்னாப்புக்குக் குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கும் தாளமும் ஆளுக்கு ஆள் மாறும். இமைப்பொழுது முந்தினால் 5 யார்டு அபராதம். பிந்தினால் எதிராளி ஏற்கெனவே ஒரு அடி வைத்திருப்பான். இருபது தாளங்களை அந்த மனிதர் காதில் ஏற்றிக்கொண்டார்.

சந்தேகமென்றால் அவருடைய முதல் இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். 2007 தொடக்க ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் பிரவுன்ஸ் 34–7 என்று தோற்றது. குவார்ட்டர்பேக் சார்லி ஃப்ரை முதல் பாதிக்குள்ளேயே பந்தோடு ஐந்து முறை வீழ்த்தப்பட்டார், உள்ளே அழைக்கப்பட்டார், சில நாட்களில் சியாட்டில் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த வாரம் டெரெக் ஆண்டர்சன் ஐந்து டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளிகள்) எறிந்து சின்சினாட்டியை 51–45 என்று வென்றார். அந்த சீசனில் ஆண்டர்சன் வீழ்த்தப்பட்டது 14 முறைதான். இடது டேக்கிள் அதே 22 வயது ஆள். ஒரு வாரத்தில் அவர் கால்கள் மாறிவிடவில்லை. ஆண்டர்சன் நின்ற இடத்தில் நின்றார், சீக்கிரம் எறிந்தார்.

குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டால் லைன் (முன்வரிசை) சரியில்லை என்று சொல்வது சோம்பேறித்தனம். வர்ணனையாளர்கள் சொல்லட்டும், அவர்களுக்கு நேரம் கிடையாது. நீங்களும் பையனிடம் அதையே சொன்னால் அவன் எங்கே போவான்? வீட்டுக்குத் திரும்பும்போது காரில் “இன்றைக்கு எத்தனை முறை விட்டாய்?” என்று கேட்கிற அப்பாவாக இருக்காதீர்கள். குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு பின்னால் நின்றார் என்று கேளுங்கள். அவன் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

எடை விஷயம். தாமஸ் ஆடும்போது 140 கிலோவுக்கு மேல். அதைத் தக்கவைக்கவே ஓயாமல் தின்னவேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் 20 கிலோவுக்கு மேல் இறக்கிவிட்டார். அது வளர்ந்து முடித்த, சம்பளம் வாங்கிய உடம்பு. 15 வயதில் எலும்பே இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது, அதன்மேல் 20 கிலோவை மாவாகக் கொட்டுவீர்களா? முதலில் மந்தமாவது கால்கள்தான். டப்பாவை அலமாரியில் வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், தூங்கவிடுங்கள், குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டு முன்னால் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டை ஒட்டி ஐந்து கிக் ஸ்லைடு. நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஐந்து. இப்படி எட்டுத் தடவை, வாரம் மூன்று நாள். கை இல்லாமல் சமநிலை பிடிக்கப் பழகினால் சாயும் பழக்கம் போகும். பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். தலை ஏறி இறங்குகிறதா, குதிகால்கள் இடித்துக்கொள்கின்றனவா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இடித்தால் அடியின் நீளத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. தாமஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குண்டும் வட்டும் எறிந்தவர். சின்ன வட்டத்துக்குள் இடுப்பைத் திருப்பி, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் வேலை அது. வசந்தகாலத்தில் பள்ளித் தடகள அணிக்கு ஆள் எடுப்பார்கள். பையனைக் குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.